உங்கள் வாக்குறுதியின் அடியில் என் பெயர்

கண்டி மாநகர சபையிலும் நகரைச் சுற்றியுள்ள நகர சபைகள், பிரதேச சபைகளிலும் 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் தெரிவாகி அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

உங்களில் சிலருக்கு என்னை நேரில் தெரியும். தேர்தல் நெருங்கினால் நீங்கள் படியேறி வரும் சின்ன அச்சகங்களில் ஒன்று என்னுடையது. கல்யாணக் கார்டு, கடை பில் புத்தகம், மூன்றாம் மாத நினைவு மலர், ரியூஷன் வகுப்பு நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும் மெஷின், சில வருடங்களுக்கு ஒருமுறை உங்கள் முகங்களையும் அடித்துத் தள்ளும். நீலம், பச்சை, சிவப்பு, மரூன் என்று எல்லா மையும் என் கையில் ஒட்டியிருக்கிறது. எந்தக் கட்சிக்கும் நான் ஆள் இல்லை. இன்னும் பணம் தராத வேட்பாளர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள் என்பதால் இதை நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். தோற்றவரிடம் பில் பணம் கேட்க மனம் வராது. வென்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

தேர்தல் நோட்டீஸ் எதுவானாலும் அதன் அடியில் அச்சிட்டவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எறும்பு அளவு எழுத்துத்தான். ஆனால் எங்கள் மேட்டு வீதிச் சனத்துக்குக் கண் நல்ல கூர்மை. "இந்தா பாருங்க, இதுல ஒங்க பேர்தானே போட்டிருக்கு? கான் கட்டித் தர்றதா அடிச்சிருக்கீங்களே, எங்கே கான்?" என்று வழிமறித்துக் கேட்பார்கள். நான் அடித்தவன் மட்டுந்தான், எழுதியவன் இல்லை என்று விளக்கிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். வாக்குறுதி உங்களுடையது, விலாசம் என்னுடையது. இந்த மடலை எழுத எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

நான் இருப்பது எந்தச் சபை, எந்த வட்டாரம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஒருவர் மேல் கோபம் விழும், மற்ற எல்லோரும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

என் அச்சகத்தில் ஒரு இழுப்பறை இருக்கிறது. அடிக்கும் எதிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது தொழில் பழக்கம். 1997, 2002, 2006, 2011, 2018, 2025 என்று உள்ளூராட்சித் தேர்தல் நோட்டீஸ்கள் அதில் வருட வாரியாகக் கட்டுக் கட்டாக இருக்கின்றன. முந்தியவற்றில் பெரிதாக இருப்பது விருப்பு இலக்கம். அப்போது வேட்பாளர் ஊர் முழுவதும் ஓட வேண்டும், அதனால் ஓடர் ஆயிரக்கணக்கில் வரும். நல்ல காலம் அது, எனக்கு. 2018இல் வட்டார முறை வந்தது: அறுபது வீதம் வட்டாரத்தில் இருந்து, நாற்பது வீதம் பட்டியலில் இருந்து. இனி எங்கள் வீதிக்கு என்று ஒரு மெம்பர் இருப்பார், காலையில் போய்க் கதவைத் தட்டலாம் என்று சந்தோஷப்பட்டோம். நடந்தது என்னவென்றால், முன்னர் நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த நாடு முழுவதற்குமான உறுப்பினர் தொகை எண்ணாயிரத்தைத் தாண்டியது. கதவுகள் கூடின. தட்டினால் திறக்கிறவர்கள் கூடவில்லை.

பட்டியலில் வந்தவர்களை மட்டமாகச் சொல்ல வரவில்லை. 25 வீதம் பெண்களுக்கு என்ற சட்டத்தால் வந்த ஒரு பெண் உறுப்பினரைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் வந்தவர், தனக்கென்று வட்டாரம் கிடையாது. அதனாலேயோ என்னவோ எல்லா வட்டாரத்துப் படிக்கட்டும் ஏறினார். அவருடைய பழைய குடைதான் எங்கள் பக்கம் அவருக்கு அடையாளம். அப்படியானவர்களுக்கு அடுத்த முறை பட்டியலில் இடம் கிடைப்பதில்லை, அது வேறு கதை.

இழுப்பறையில் இன்னொரு கட்டு இருக்கிறது, 2023. அதில் பிரதி மட்டுமல்ல, மூட்டையே இருக்கிறது. 2022இல் முடிய வேண்டிய சபைகளின் காலத்தை ஒரு வருடம் நீட்டி, பிறகு 2023 மார்ச் 9 தேர்தல் என்றார்கள். வேட்புமனு கொடுத்தாயிற்று, சின்னம் கிடைத்தாயிற்று. காகித விலை தலைக்கு மேல் போயிருந்த நேரம். அதற்கு முந்திய வருடந்தான் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள். நான் கடனுக்கு ரீம் எடுத்து அடித்தேன். திறைசேரி பணம் இல்லை என்றது. பணம் கிடைக்காமல் வாக்குச்சீட்டு அச்சிட முடியாது என்று அரச அச்சகத் திணைக்களம் சொன்னது. அந்தச் செய்தியைக் கேட்டபோது, எங்கள் தொழிலில் ஒருவராவது முன்பணம் கேட்கும் தைரியத்தோடு இருக்கிறாரே என்று சிரிப்பும் வந்தது. மார்ச் 9 போய் ஏப்ரல் 25 வந்தது, அதுவும் போனது. கடைசியில் அந்த வேட்புமனுக்களையே சட்டம் போட்டு ரத்துச் செய்து, புதிதாகக் கேட்டார்கள். அந்த நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் என் பேத்தி கணக்குப் போட்டுப் பழகுகிறாள். ஒருபக்கம் 'ஊழலற்ற சபை', மறுபக்கம் ஏழாம் வாய்ப்பாடு.

2011இலும் எங்களுக்கு ஒரு தாமதம் நடந்தது. பல்லேகலையில் உலகக் கிண்ண கிரிக்கெட் போட்டி நடந்த அந்த வருடம், பெரும்பாலான ஊர்கள் மார்ச்சில் வாக்களிக்க, கண்டி ஒக்டோபர் வரை காத்திருந்தது. எங்கள் வாக்கு எதற்கெல்லாம் வழிவிட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

2023 மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவு சபைகள் கலைந்தன. அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் பக்கம் மெம்பர் என்று ஒருவரும் இல்லை. ஆணையாளர்களும் செயலாளர்களும் நடத்தினார்கள். இப்போது நான் சொல்லப் போவது உங்களுக்குக் கசக்கும். எங்கள் மேட்டில் அந்த இரண்டு வருடமும் ஒன்றும் மாறவில்லை. குப்பை லொறி வந்த நாளில் வந்தது, வராத நாளில் வரவில்லை. சோலை வரிக் கடுதாசி நேரத்துக்கு வந்தது. ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் பத்து வீதம் கழிவு என்பதும் அப்படியே இருந்தது. "மெம்பர்மார் இல்லாமலே ஓடுதே, பிறகென்னத்துக்கு எலெக்‌ஷன்?" என்று பஸ்ஸில், சலூனில், மரண வீட்டில் சனம் வெளிப்படையாகவே பேசியது.

ஆனாலும் நாங்கள் அதைக் கேட்டு வாங்கினோம். வழக்குப் போட்டவர்கள் போட்டார்கள். தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எதற்காக அதைக் கேட்டோம்? லொறி ஓட்ட அல்ல. லொறி ஓட்டச் சாரதி போதும். ஒரு அதிகாரியிடம் போய், ஏன் எங்கள் கான் இந்த வருடமும் இல்லை, ஏன் அந்த வீதிக்கு மட்டும் கார்பெட் என்று கேட்டால் அவர் பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். அவரை நாங்கள் அனுப்பவில்லை. உங்களை நாங்கள் அனுப்பினோம். அவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. அந்தப் பதிலைத்தான் நீங்கள் தருவதில்லை.

நீங்கள் தருவது "பார்ப்போம்."

கண்டியில் இந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஓடுகிறது. சிங்களத்தில் 'பலமு.' எங்கள் பக்கத்து வீட்டு சிங்கள அம்மா ஒருமுறை மெம்பரைப் பார்த்துவிட்டு வந்து, "பலமு கிவ்வா" என்றார். பார்ப்போம் என்று சொன்னாராம். என் மனைவிக்கு 'பலம்' என்று காதில் விழுந்து, "பலம் இருக்கிறதா சொன்னாரா, அப்போ சரி" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடக்காத காரியத்துக்கெல்லாம் 'பலமான காரியம்' என்றுதான் பெயர்.

கான் விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். எங்கள் வீதி, மேலே ஒரு பெரிய வீதியில் இருந்து பிரிந்து, வளைந்து, பாதியில் படிக்கட்டாக மாறிக் கீழே போகிறது. மலை ஊரில் கான் என்பது சமதரையில் இருப்பதைப் போல இல்லை. மேல் வீட்டுக்காரருக்கு அது கான், கீழ் வீட்டுக்காரருக்கு அது ஆறு. வளைவில் ஒன்பது அங்குலக் குழாய் ஒன்றை யாரோ எந்தக் காலத்திலோ புதைத்திருக்கிறார்கள். மேலே இரண்டடிக் கானில் வருகிற தண்ணீர் அந்த ஒன்பது அங்குலத்துக்குள் நுழைய வேண்டும். நுழையாதது எங்கே போகும்? கீழே இருக்கும் அக்காவின் குசினிக்குள் போகும். அவர் குசினி வாசலில் மூன்று வரி செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார். அந்தச் செங்கலைத் தாண்டித்தான் தினமும் தேங்காயும் விறகும் எடுத்துப் போகிறார். அரிசி வாளி எப்போதும் மேசைக்கு மேல்தான். என் இழுப்பறையில் 2002 நோட்டீஸில் 'மேட்டு வீதி வடிகான் திருத்தப்படும்' என்று இருக்கிறது. 2006இல் 'முற்றாகத் திருத்தப்படும்.' 2011இல் 'நவீன முறையில்.' 2018இல் கானின் படமே போட்டார்கள், கலரில். அந்த பிளேட்டை நான்தான் போட்டேன்.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தது. இந்த மாவட்டத்தில் யாருக்கும் அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மலை சரிந்து வீட்டோடு போனவர்களின் பெயர்களை நாட்கணக்காக ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் வீதிக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. ஒருவர் கூடச் சாகவில்லை. அந்த இரவு கரண்ட் போன பிறகு ரோர்ச் வெளிச்சத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் வளைவில் நின்றோம். தண்ணீர் கானில் ஓடவில்லை, வீதியில் ஓடியது, கற்களை உருட்டிக்கொண்டு. அக்காவின் செங்கல் வரி எப்போது போனது என்று தெரியாது. பார்த்தபோது அரிசி வாளி இருந்த மேசையே அசைந்துகொண்டிருந்தது. அவருடைய பெரியவனும் நானும் ஆளுக்கொரு பக்கமாக மேசையைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை நின்றோம். அறுபத்திரண்டு வயதில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்காது.

நாலைந்து நாள் கழித்து எங்கள் மெம்பர் வந்தார். வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவருக்கும் அந்தக் கிழமை தூக்கம் இருந்திருக்காது, கண்ணில் தெரிந்தது. ஃபோனில் படம் எடுத்தார், ஒரு கொப்பியில் எழுதினார். அக்கா தேத்தண்ணீர் கொடுத்தார். போகும்போது படியில் திரும்பி நின்று, "பார்ப்போம்ணே" என்றார்.

இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். சட்டப்படி தமிழில் கேட்கலாம், தமிழில் கேட்டேன். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பதில் வந்தது, சிங்களத்தில். எனக்கு வாசிக்கத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. பின்வாசலில் உட்கார்ந்து வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். விஷயம் இதுதான்: மேலே இருக்கும் பெரிய வீதியும் அதன் கானும் சபைக்குச் சொந்தமில்லை, வேறொரு நிறுவனத்துடையது. வளைவுக்குக் கீழே சபையுடையது. இரண்டும் சந்திக்கும் அந்த ஒன்பது அங்குலக் குழாய் யாருடைய பதிவேட்டிலும் இல்லை. முன்பே ஒருமுறை மதிப்பீடு செய்திருக்கிறார்கள், நிதி ஒதுக்கவில்லை.

அக்கா கேட்டுவிட்டு, "அப்ப இவங்களால ஏலாதா?" என்றார்.

ஏலாது. தனியாக ஏலாது. மேலே இருக்கிறவர்களோடு பேசினால் ஏலும். இந்த ஒரு சொல்லை 2002இலேயே யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் வேறு கதவைத் தட்டியிருப்போம், குறைந்தது செங்கலை நாலு வரியாக வைத்திருப்போம். அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? இரண்டொருவருக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை. எது மோசம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"பார்ப்போம்" எவ்வளவு விலையான சொல் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. என் தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் தோட்டம். லயத்துக்கு முன்னால் இருக்கும் பாதை மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. அவளும் பிரதேச சபைக்கு வாக்குப் போடுகிறவள்தான். தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர் வந்து பாதை போட்டுத் தருவதாகச் சொல்வார், வென்றபின் 'பார்ப்போம்' என்பார். உண்மை என்ன? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் நிதியைச் செலவழிப்பதற்கு அது தடையாக நின்றது. தோட்டத்து வாக்கை வாங்கலாம், தோட்டத்தில் ஒரு மதகு கட்ட ஏலாது. அதற்கு முந்திய கிராம சபைக் காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு அந்த வாக்கே இல்லை, 1948க்குப் பிறகு நாட்டு வாக்கும் இல்லை, அதெல்லாம் நீங்கள் அறிந்த கதை. வாக்கு வந்த பிறகும் பாதை வராததற்குக் காரணம் ஒரு சட்டப் பிரிவு என்பது என் தங்கைக்கு எத்தனை வருடம் தெரியாமல் இருந்தது! மெம்பருக்கு மனமில்லை என்று நினைத்தாள், பிறகு தங்கள் லயத்துக்குத்தான் ராசியில்லை என்று நினைத்தாள். அந்தப் பிரிவின் இலக்கத்தைச் சொல்லி ஆட்கள் பேசத் தொடங்கி, அது கொழும்பு வரை போய், 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தொரு வருடம். அத்தனை வருடமும் தேர்தல் மேடையில் 'இந்தச் சட்டம் இருக்கும் வரை எங்களால் ஏலாது' என்று ஒரு வேட்பாளர் சொல்லி நான் நோட்டீஸ் அடித்ததில்லை.

ஏலாது என்று சொல்லத் தெரிந்த இடத்தில்தான் ஏலுமாக்குவதற்கு வழி தேடுவார்கள். "பார்ப்போம்" என்றால் சனம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

குப்பை விஷயமும் கொஞ்சம். உக்கும் குப்பை வேறு, உக்காத குப்பை வேறு என்று பிரித்து வைக்கச் சொன்னீர்கள், பிரித்து வைக்கிறோம். எங்கள் படிக்கட்டுக்கு லொறி வராது, அதனால் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய வீதிக்குப் போய் வைக்க வேண்டும். லொறி வருவதற்கு முன் குரங்கு வந்துவிடும். கண்டிக் குரங்குக்கு எந்த நாள் எந்தக் குப்பை என்ற அட்டவணை உங்கள் உத்தியோகத்தர்களை விட நன்றாகத் தெரியும். தேங்காய்ப்பூவும் கோழி எலும்பும் பம்பர்ஸும் அரை மைலுக்கு விரித்துப் போடும். மூடியுள்ள ஒரு இரும்புத் தொட்டி வைத்தால் தீர்ந்தது என்று கேட்டோம். பதில்: உங்களுக்கே தெரியும்.

அள்ளிப் போகும் குப்பை எங்கே போகிறது என்று நாங்களும் கேட்டதில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வாசலை விட்டுப் போனால் சரி. கண்டி நகரத்தின் குப்பை பல தசாப்தங்களாக மகாவலிக் கரையில் கொஹாகொடையில் குவிகிறது. அதில் ஊறும் கறுப்புத் தண்ணீர் ஆற்றுக்குத்தான் வடியும். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் எங்களில் பலர் ஏதோ ஒரு குழாயில் குடிக்கிறோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அது கொழும்பு மாநகரத்தின் குப்பை. செத்தவர்கள் இருந்தது கொலன்னாவைப் பக்கம், கொழும்பு மாநகர சபைக்கு வாக்குப் போடாதவர்கள். தங்கள் தலைக்கு மேல் குப்பை கொட்டிய சபையிடம் கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு மெம்பர்கூட இல்லை. குப்பையைப் பற்றி நீங்கள் பேசும்போது உங்கள் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் நீங்கள்தான் மெம்பர் என்று கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எசல மாதம் வந்தால் தலதா வீதியும் அதைச் சுற்றியுள்ள வீதிகளும் கழுவித் துடைத்துக் கிடக்கும். சந்தோஷம். பெரஹெரா வருகிற ஊர், 1988இல் உலக மரபுரிமை நகரம் ஆன ஊர், அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த வீதிகளை விடியுமுன் கூட்டுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். மஹியாவப் பக்கம் நெருக்கியடித்த வீடுகளில், பரம்பரை பரம்பரையாக இந்த நகரத்தைக் கூட்டுகிற தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கொழும்போடு சேர்ந்து இலங்கையின் முதல் மாநகர சபைகளில் ஒன்றாகக் கண்டிக்கு 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் சபை வந்தது. நூற்றறுபது வருடம். ஊரைக் கூட்டுகிறவர் வாசலுக்கு எத்தனை தடவை அந்தச் சபை நடந்து போயிருக்கும் என்று கணக்கெடுக்க எனக்கு வழியில்லை. அவர்கள் சொல்வார்கள், கேளுங்கள்.

நாங்களும் சுத்தம் இல்லை, தெரியும். உங்கள் ஃபோனுக்கு வரும் அழைப்பில் முக்கால்வாசி கானுக்காக இல்லை. பிள்ளையை முதலாம் தரத்தில் நல்ல ஸ்கூலில் சேர்க்க ஒரு கடிதம், மருமகனுக்கு ஒரு வேலை, பொலிஸில் பிடித்த மோட்டார் சைக்கிள், சாமத்தியச் சடங்குக்குக் கூடாரம். மரண வீட்டுக்கு வரவில்லை என்று ஒரு மெம்பரைத் தோற்கடித்த வீதி எங்களுடையது. அவர் நல்ல மெம்பர். எங்கள் படிக்கட்டுக்குக் கைபிடி போட்டவர் அவர்தான். அந்தக் கைபிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து அவருக்கு எதிராக வாக்குப் போட்டோம். ஆகவே, எல்லாவற்றுக்கும் "பார்ப்போம்" என்று சொல்ல உங்களைப் பழக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஏலாது என்று சொன்ன மெம்பருக்கு நாங்கள் மறுமுறை வாக்குப் போட்டதில்லை என்று நீங்கள் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சொல்லிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

தமிழ் பேசும் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒன்று. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை உங்கள் சபையில் நீங்கள் தமிழில் பேசலாம் என்கிறது. தேர்தல் காலத்தில் வேட்டி கட்டிக் கோவிலுக்கு வருகிறீர்கள், தொப்பி போட்டுப் பள்ளிக்கு வருகிறீர்கள், தமிழ் பொங்கி வழிகிறது. சபைக்குள் போனதும் அது எங்கே போகிறது? கண்டியில் பிறந்தவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, எனக்கும் அப்படித்தான், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் சபையில் ஒருவரும் தமிழில் பேசாவிட்டால், தமிழில் வரும் கடிதத்துக்குத் தமிழில் பதில் எழுத ஓர் ஆள் தேவை என்பது அங்கே யாருக்கு எப்படித் தெரியும்? அக்காவின் குசினியைப் பற்றிய கடிதத்தை அக்கா தானாக வாசிக்க வேண்டும் என்பது பெரிய ஆசையா?

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே அந்தக் குழாயைத் துப்பரவு செய்தோம். சிரமதானம் என்று பெரிதாகச் சொல்லத் தேவையில்லை, ஒன்பது பேர், இரண்டு மண்வெட்டி, ஒரு நீளமான மூங்கில். பாதி வரைக்கும் மண். அதற்குப் பிறகு மூங்கில் எதிலோ முட்டியது. இழுத்தால் வரவில்லை. அக்காவின் பெரியவன் படுத்துக்கொண்டு கையை விட்டு இழுத்தான். சுருண்டு, சேறு பூசி, பாம்பு மாதிரி வெளியே வந்தது ஒரு டிஜிட்டல் பெனர். விரித்துக் கழுவிப் பார்த்தோம். ஒரு முகம், கும்பிட்ட இரண்டு கை, கட்சி நிறம். பெயர் கிழிந்துபோயிருந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான் அடிச்சதில்லப்பா, நான் கடதாசி மட்டுந்தான்" என்று கையை உயர்த்தினேன். அன்றைக்கு விழுந்த சிரிப்பு கீழ் வீதி வரைக்கும் கேட்டிருக்கும். அந்த பெனர் இப்போது அக்காவின் கோழிக் கூட்டுக்கு மேல் கூரையாக இருக்கிறது. நன்றாக மழை தாங்குகிறது.

குழாய் இன்னும் ஒன்பது அங்குலம்தான். அடுத்த பெருமழைக்குத் தாங்காது.

ஆகவே உங்கள் எல்லோரிடமும் ஒரு வேலை கேட்கிறேன். இந்த முறை ஓடர் கொடுப்பவன் நான். உங்கள் வட்டாரத்தில் ஆட்கள் உங்களிடம் கேட்டிருப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியலில் வந்தவர்கள் சபை முழுவதையும் வட்டாரமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏலும், ஏலாது, இரண்டில் ஒன்று. ஏலும் என்றால் எந்த மாதம். ஏலாது என்றால் ஏன், யாரால் ஏலும். 'பார்ப்போம்' என்ற சொல் தாளில் எங்கும் வரக் கூடாது. இரண்டு மொழியிலும் எழுதுங்கள், தமிழ் எழுத்துப் பிழையை நான் பார்த்துத் தருகிறேன். ஒரு வட்டாரத்துக்கு ஐந்நூறு பிரதி, தாளும் மையும் என் செலவு. முதல் ஐந்து பேருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம், நானும் கடன்காரன். புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட நீங்களே வர வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது.

அடியில் வழக்கம்போல என் பெயர் போகும். வழிமறித்து யாராவது கேட்டால் இந்த முறை நின்று பேசுவேன்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை எட்டரைக்குத் திறப்பேன். விலாசம் உங்களிடம் இருக்கிறது, பழைய நோட்டீஸ் ஏதாவது ஒன்றின் அடியில் பாருங்கள்.

இப்படிக்கு,
மேட்டு வீதி அச்சகக்காரன்